மழைக்கு ஆகாத டயர்

சக்கரம் நான்கையும் கழற்றிவிட்டால் எந்தக் காரும் கொஞ்சம் அசடாகத்தான் தெரியும்போலிருக்கிறது என்று நினைத்தாள் தமயந்தி. அவிநாசி சாலையில் ஹாரூனின் டயர் கடை, கடைக்குள் கண்ணாடி போட்ட அறை, அறைக்குள் ஏசி, ஏசிக்கு நேர் கீழே ஒரு சோபா. அதில் உட்கார முடியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் லிஃப்டின் நான்கு கைகளில் அவளுடைய பச்சைக் கார் தலைக்குமேல் நின்றது. இரண்டே கதவு, இரண்டே ஆள், எஞ்சின் முதுகுக்குப் பின்னால். ஜெர்மனியில் செய்து, மும்பையில் ஒருவர் வாங்கி, சில வருஷம் போர்வை போர்த்தி வைத்திருந்துவிட்டு விற்ற கார். அதை அவள் வாங்கிவந்த அன்று கணபதியில் இருக்கும் அவளுடைய இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியில் ஆட்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதில் சாமான் எங்கே ஏற்றுவது என்று கேட்டார்கள். ஏற்ற முடியாது என்றாள். அப்புறம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, முதலாளி என்பதால். அவளைக் கேட்டிருந்தால் அன்றைக்குப் பதில் இருந்திருக்காது. இன்றைக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு. இன்று வெள்ளி, நாளை சனி, நாளை மறுநாள் ஞாயிறு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், என்னமோ கிழமைகள் வரிசை மாறிவிடப்போகிறாற்போல. ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையம் ரேஸ் டிராக்கில் ஒவ்வொரு காராக உள்ளே விட்டு, எத்தனை நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். வருஷத்துக்கு ஒருமுறை. அதற்குள் இந்த அசட்டுக் காருக்குக் கால் வேண்டும். கால் தரையில் தயாராக இருந்தது, அதுதான் சிக்கல். இரண்டு ஜதைக் கால் இருந்தது. லிஃப்டுக்கு இடதுபக்கம் நான்கு டயர், வலதுபக்கம் நான்கு டயர். இடது பக்கத்தது டிராக்குக்கென்றே செய்த மெத்தென்ற ரப்பர். மேலே பள்ளங்கள் குறைவு, தார்ச்சாலையோடு ஒட்டிக்கொள்ளும், தண்ணீரைக் கண்டால் வழுக்கும். வலது பக்கத்தது ரோட்டு டயர். ஆழமான பள்ளங்கள், மழைத்தண்ணீரை வாரிப் பக்கவாட்டில் எறிந்துவிட்டுப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் டிராக்கில் வேகமான வளைவில் முனகும். இரண்டையும் ஹாரூன் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தான். சென்னைக்குத் திரும்பும் பார்சல் வண்டி சாப்பாட்டு நேரத்துக்கு வரும். வேண்டாத நான்கு அதில் போய்விடும். நீங்க பாத்துச் சொல்லுங்க மேடம், எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்று சொல்லிவிட்டு அவன் வேறொரு வண்டிக்குக் காற்றுப் பிடிக்கப் போயிருந்தான்.

அறைக்குள் நிற்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வெக்கையும் ரப்பர் வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. இந்த வாசனை எதை ஞாபகப்படுத்துகிறது, புது நோட்டு வாசனையும் இல்லை, புதுச் செருப்பு வாசனையும் இல்லை, ரெண்டுக்கும் நடுவில் எங்கேயோ, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் மாதிரி. இடது அடுக்கின் மேல் டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் இறங்கியது. எடுத்ததும் பிறைபோல ஒரு தடம் தெரிந்து, கண்ணெதிரே மெல்ல நிரம்பி மறைந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி தெரிந்து மறைந்தது. வலது அடுக்கில் அழுத்தினால் நகம்தான் வலித்தது. இப்படி நகத்தை வைத்துப் பார்த்துத்தான் போன முறை ஏமாந்தாள். ஏமாற்றியது யாரும் இல்லை, அவளுடைய கைப்பழக்கம். பம்பு உடம்புகளை வார்த்துத் தருகிற ஃபவுண்டரியில் பிறந்து வளர்ந்தவளுக்கு நல்ல பொருள் என்றால் கெட்டியான பொருள். வார்த்து ஆறிய இரும்பின்மேல் ஒரு குண்டை வைத்து அழுத்துவார்கள். விழுகிற குழியைப் பூதக்கண்ணாடி வைத்து அளப்பார்கள். குழி சின்னதாக இருந்தால் இரும்பு கெட்டி, கெட்டி என்றால் வாங்குகிற பார்ட்டி எடுத்துக்கொள்வான், குழி பெரிசாக இருந்தால் மறுபடி உருக்கவேண்டியதுதான். ஒவ்வொரு நாளும் காலையில் இதைப் பார்த்துப் பார்த்து, குழி விழாத எதைக் கண்டாலும் அவளுக்கு ஒரு மரியாதை. டயரின் பக்கத்தில் தேய்மானத்துக்கு ஒரு எண் போட்டிருப்பார்கள் என்று தெரிந்துகொண்டதும் அவள் கடையில் இருப்பதிலேயே பெரிய எண் எது என்று கேட்டாள். ஹாரூன் அப்போதே இழுத்தான். மேடம், அது சும்மா ஏர்போர்ட் போயிட்டு வர்ற வண்டிக்குங்க என்றான். வியாபாரிகள் அப்படித்தான் சொல்வார்கள், சீக்கிரம் தேய்ந்தால்தானே மறுபடி வருவோம் என்று நினைத்துக்கொண்டாள். ஆறு ஃபவுண்டரிக்காரர்களைக் கூட்டிவந்து கேட்டிருந்தாலும் ஆறு பேரும் அதையேதான் எடுத்திருப்பார்கள், நகத்தால் கீறிப் பார்த்து, தலையை ஆட்டி, ஜாம் ஜாம்னு இருக்குது என்று. கல் மாதிரி டயர். கல் எதையும் பிடித்துக்கொள்ளாது என்பது அவர்கள் தொழிலில் யாருக்கும் தேவைப்படாத விஷயம்.

அதைப் போட்டுக்கொண்டுதான் போன வருஷம் டிராக்குக்குப் போனாள், முதல் தடவையாக. போய்க் கடைசியாக வந்தாள். அவளுக்கு முன்னால் வந்தவர் அவளுடைய பல்லுக்கு வேர்ச்சிகிச்சை செய்த டாக்டர் ஆதிகேசவன். அவர் வைத்திருந்தது சாதாரணச் சின்ன கார், பின்சீட்டைக் கழற்றிவிட்டு டயரை மட்டும் நல்லதாகப் போட்டிருந்தார். வண்டியைவிட்டு இறங்கியவள் பக்கத்தில் வந்து, குனிந்து சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, என்னங்க மேடம், நாலு பக்கமும் ஆட்டுக்கல்லக் கட்டிட்டு ஓட்டறீங்களா என்று கேட்டார். சுற்றி இருந்த பையன்களெல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். வாயைத் திறக்கச் சொல்லி மணிக்கணக்காகக் குடைந்த ஆளிடம் என்ன பதில் சொல்வது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த ஒரு வளைவுதான் மனசில் ஓடியது. நீள நேர்ப்பாதை முடிகிற இடம், வலதுபக்கம் மடங்கும், மடங்குகிற இடத்தில் ரோடு லேசாகச் சரிந்து காரைத் தன் பக்கம் இழுக்கும். அங்கே எல்லோரும் அழுத்திக்கொண்டு திரும்பினார்கள். அவள் மட்டும் பிரேக்கை மிதித்தாள், ஏனென்றால் சக்கரம் நழுவுவது இடுப்பில் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே இடுப்புக்குத் தெரிந்துவிடுகிறது, அதுதான் அதிசயம், உருகின இரும்பு பதமாகிவிட்டது என்று கலர் மாறுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே தெரிவதுபோல. ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் பிரேக்கைத் தொடாமல் போகலாம். இந்த இடது பக்கத்து நாலும் இருந்தால் போகலாம். கை ஸ்டியரிங்கைப் பிடித்தாற்போல் மடங்கியிருப்பதைக் கவனித்தாள். காற்றுப் பிடித்துக்கொண்டிருந்த ஹாரூன் பார்த்தான், கையை இறக்கிக்கொண்டாள். ஐம்பத்திரண்டு வயதுப் பொம்பளை ஒரு டயர் கடையில் நின்று வெறும் காற்றைத் திருப்பிக்கொண்டிருந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள். சரி, பார்க்கட்டும். வளைவு முடிகிற இடத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் எஞ்சின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் போடும், யாரோ பின்சீட்டில் எழுந்து உட்கார்ந்த மாதிரி. பின்சீட்டே இல்லாத காரில். அந்தச் சத்தத்தை நினைத்தாலே காது சூடாகிறது. எடுத்துக்கொள், இடதையே எடுத்துக்கொள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது. ஹாரூனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு வெளியே பார்த்தாள். ரோட்டுக்கு அந்தப்பக்கம் கட்டடத்துக்குமேலே வானம், மேற்குப் பக்கம் மட்டும் சிலேட்டுக் கலரில்.

ஐப்பசி. ஐப்பசியில் வானம் சிலேட்டாக இல்லாமல் எப்படி இருக்கும். போனில் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமைக்கு மேகத்தின் பாதியில் சூரியன் எட்டிப்பார்க்கிற படம் போட்டிருந்தது, எதுவும் தெரியாதவன் போடுகிற படம். ஞாயிற்றுக்கிழமையை விடு, அது ஒரு நாள். அப்புறம் கார்த்திகை வரைக்கும் மழை, இந்த டயர்தான் அடியில் இருக்கும், வாரத்துக்கு நாலு நாள் ஃபவுண்டரிக்கு இதில்தான் போகிறாள். பக்கத்து சீட்டில் யாரும் உட்காருவதில்லை. முன்பு நாச்சிமுத்து உட்காருவார். அவளுடைய வீட்டுக்காரர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர், ரிட்டயர் ஆகிவிட்டார். அடிபட்ட வண்டிகளைப் போய்ப் பார்த்து எவ்வளவு நஷ்டம் என்று எழுதுவது அவருடைய உத்தியோகம். வாளையாரிலிருந்து பெருந்துறைவரை நசுங்கிப்போன எல்லா வண்டிக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தவர். சீட்டுக்கடியில் கிடக்கிற செருப்பு, டிபன் டப்பா, பொம்மை, இதையெல்லாம் பற்றி வீட்டில் பேசமாட்டார். சாப்பிடும்போது திடீரென்று எழுந்துபோய்க் கொல்லையில் நிற்பார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஆள் இந்தக் காரை அவள் வாங்கப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லவில்லை. பெல்ட்டு போட்டுக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், வாராவாரம் காரமடைக்கும் அன்னூருக்கும், காபி குடிக்க என்று. ஆடி மாசக் கடைசியில் துடியலூர் தாண்டி ஒரு தூறல். தூறல்தான், மழைகூட இல்லை. ரோட்டில் எண்ணெய் வழவழப்பு மேலே வருகிற அளவுக்கு நனைந்திருந்தது. முன்னால் போன பஸ் நின்றது, அவள் லேசாகத்தான் திருப்பினாள், கல் டயர் பிடித்துக்கொண்டிருந்த கையை விட்டுவிட்டது. பின்பக்கம் முன்னால் வந்தது. அரசமரம், டீக்கடை, பஸ்ஸின் பின்கண்ணாடி, மறுபடி அரசமரம். நடுத்திட்டில் பின்சக்கரம் போய் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் இல்லை. டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார்கள். நாச்சிமுத்து பெல்ட்டைக் கழற்றினார், கதவைத் திறந்தார், இறங்கினார், கதவை மெதுவாகச் சாத்தினார். ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க ஸ்டாப்பில் நின்று, வந்த டவுன் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்தக் கார் பக்கம் வருவதில்லை. சண்டை இல்லை. சாப்பாடு, பேச்சு, டிவி எல்லாம் வழக்கம்போல. காரைப்பற்றி மட்டும் பேச்சில்லை, வீட்டுக்குள் தலைமறைவாக யாரையோ வைத்திருக்கிற மாதிரி. அந்தச் சுற்றலில் இன்னொன்றும் நடந்தது. அதை நினைக்கவேண்டாம் என்று தமயந்தி வலது அடுக்குப் பக்கம் போனாள்.

வலது அடுக்கு. இதைப் போட்டுக்கொண்டால் போய்ச் சொல்லலாம். ஏனுங்க, மழைக்குன்னே செஞ்சதுங்க, தண்ணியில பிரேக் போட்டா அப்படியே நிக்கும், ஹாரூனையே கேளுங்க. அவர் வந்து குனிந்து பள்ளத்தில் விரலை விட்டு ஆழம் பார்ப்பார், அவருக்குத்தான் டயரைப் பார்த்தால் தெரியுமே. எத்தனை வழுக்கை டயர் பார்த்திருப்பார், வழுக்கை டயரால் எத்தனை பேர். உட்காருவார். கையை மடியில் வைத்துக்கொள்வார். அந்தக் கை மடியில் இருந்தால் ஓட்டுவதே வேறு மாதிரி, யாரோ பார்க்கிறார்கள் என்று இருக்கும். தனியாகப் போய்க் காபி குடித்தால் காபி என்ன காபி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்த வளைவில் பிரேக் மிதிக்கவேண்டும். போன வருஷம் மாதிரி மிதிக்கவேண்டாம், கொஞ்சம் கம்மியாக மிதிக்கலாம், ஆனால் மிதிக்கவேண்டும், ஆதிகேசவன் குனிந்து தட்டிப் பார்ப்பார், ஓ, மழை டயருங்களா, குடை எங்கே மேடம் என்பார். கேட்டுவிட்டுப் போகட்டும், பல் டாக்டர். அவர் ஒன்றுமே சொல்லாவிட்டாலும் இடுப்புக்குத் தெரியுமே. காற்றுப் பிடித்து முடித்த ஹாரூன் பின்னால் வந்து நின்றான். முன்னே ரெண்டு இது, பின்னே ரெண்டு அது என்று போட்டால் என்ன என்று கேட்டாள். கேட்கும்போதே அபத்தம் என்று தெரிந்தது. ஹாரூன் மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பேன்ட்டுக்கு மேல வேட்டியக் கட்டிட்டு ஓடற மாதிரிங்க மேடம், முன்னாடி பிடிச்சு, பின்னாடி விட்டுச்சுன்னா எஞ்சின் பின்னாடி இருக்கற வண்டி பம்பரமா சுத்தும் என்றான். அப்படியானால் இன்னொரு ஜதைச் சக்கரம் வாங்கி, ஒன்றில் இது ஒன்றில் அது என்று வைத்துக்கொண்டால்? அவன் இதையும் யோசித்திருந்தான். இந்த அளவு ரிம் கப்பலில்தான் வரும், தைப்பொங்கலுக்கு வந்தால் அதிர்ஷ்டம் என்றான். இவனும் சின்ன வயதில் டிராக்கில் ஓட்டினவன்தான், கல்யாணத்துக்கப்புறம் விட்டுவிட்டான். ஏன் விட்டாய் என்று ஒருமுறை கேட்டதற்கு, பொண்ணு பொறந்துச்சுங்க என்று மட்டும் சொன்னான். இப்போது இடது அடுக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், பசித்தவன் கல்யாணப் பந்தியைப் பார்க்கிற மாதிரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் என்று சொன்ன ஆள். நீ போடுவதாயிருந்தால் எது போடுவாய் என்று கேட்கலாம், என்ன சொல்வான் என்று முகத்திலேயே இருக்கிறது, அதனாலேயே கேட்கக்கூடாது. அடுத்தவன் ஆசையைக் கடன் வாங்கி ஓட்டினால் அந்த வளைவில் அது உதவாது. இரண்டு அடுக்குக்கும் நடுவே நடந்தாள். இடது, வலது, இடது. கண்ணாடி அறைக்குள் அவளுடைய கைப்பைக்குள் போன் அடித்தது. எடுக்கப் போவதற்குள் நின்றது. மறுபடி அடித்தது. நாச்சிமுத்து.

அவர் எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். ஹாரூன் கடையில் என்றாள். அவர் பக்கம் குக்கர் விசில் கேட்டது. பருப்பு வெந்துகொண்டிருக்கும், அடுப்பு அவர்தான், ரிட்டயர் ஆனதிலிருந்து மத்தியானச் சமையல் அவர் பொறுப்பு. டயர் மாற்றியாகிவிட்டதா என்று கேட்டார். ஆடி மாசத்துக்கப்புறம் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. இன்னும் இல்லை, ரெண்டு வகை இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை, நகம் இறங்குகிற விஷயம், பள்ளத்தின் ஆழம், சரிந்த வளைவு, போனமுறை கல்லை வாங்கிய முட்டாள்தனம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. அவர் உம் கொட்டிக்கொண்டே இருந்தார். உம் நின்றது. 

"அன்னைக்கு நீ சிரிச்சே" என்றார்.

நினைக்கவேண்டாம் என்று எட்டிவைத்திருந்தது இப்படி வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது. ஆமாம், சிரித்தாள். அரசமரம், டீக்கடை, பஸ் கண்ணாடி, மறுபடி அரசமரம் என்று உலகம் சுற்றியபோது தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது, வாய்விட்டு, ராட்டினத்தில் ஏறின குழந்தைக்கு வருவதுபோல. பக்கத்தில் இவர் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். அது தெரிந்தும் நிற்கவில்லை. கார் நின்றபின்தான் நின்றது. இவர் பஸ் ஏறினது கார் சுழன்றதற்காகவா, சிரித்ததற்காகவா என்று அவள் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும்.

"ஆமாங்க."

"எத்தன வண்டி பாத்திருப்பேன் நானு. தப்பிச்சவங்க கிட்ட எல்லாம் பேசியிருக்கறேன், என்னாச்சு எப்படியாச்சுன்னு எழுதணுமல்லோ. கத்துனேன்னு சொல்லுவாங்க, சாமியக் கூப்ட்டேன்னு சொல்லுவாங்க. சிரிச்சேன்னு யாரும் சொன்னதில்ல தமயந்தி. அதுதான் எனக்குப் பிடிபடல."

பயத்தில் வந்த சிரிப்பு என்று சொல்லலாம். சில பேருக்கு அப்படி வரும், டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள். சொன்னால் அவருக்கு நிம்மதியாக இருக்கும், ஓ அப்படியா என்பார், வலது அடுக்கைப் போட்டுக்கொண்டு சாயங்காலமே அன்னூருக்குப் போகலாம். வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பால் ஹாரூனின் ஆள் வலது அடுக்கின் மேல் டயரை எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயமாத்தான் இருந்துதுங்க" என்றாள். "ஆனா மொதல்ல வந்தது பயமில்லீங்க. சந்தோசம். அதுக்கப்பறந்தான் உங்க கையப் பாத்தேன்."

குக்கர் இன்னொரு விசில் போட்டது. அவர் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அணைத்துவிட்டுத் திரும்பி வந்து, எந்த டயரைப் போடப்போகிறாய் என்று கேட்டார். அதுவரை அவளுக்கே தெரியாத பதில் வாயிலிருந்து தானாக வந்தது. மெத்தென்று இருக்கிறதைத்தான் போடப்போகிறேன், மழைக்கு ஆகாது என்றாள். மழை வந்தால் என்ன செய்வாய் என்றார். ஓரங்கட்டி நிற்பேன், நிற்க முடியாத இடத்தில் உருட்டிக்கொண்டு வருவேன், இனிமேல் தண்ணியில் திமிர் காட்டமாட்டேன் என்றாள். இதைச் சொல்லும்போது அவளுடைய குரல் நடுங்கியது. அழுகை இல்லை, வேறென்னவோ, ஓட்டத்துக்கு முன்னால் எஞ்சின் சும்மா நின்றுகொண்டே உதறுமே, அந்த மாதிரி.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?"

"காலையில ஏழு மணிக்கு உள்ள இருக்கணுங்க."

"நானும் வர்றேன். வண்டிக்குள்ள உக்கார மாட்டேன், அத இப்பவே சொல்லிப்போட்டேன். பஸ்ஸுல வந்து வெளிய நின்னு பாக்கறேன்."

"செரிங்க."

"என்ற தொப்பி எங்க வெச்சே? வெயிலடிச்சா வேணும்."

பீரோவுக்கு மேலே என்றாள். வைத்துவிட்டார். போனைக் கைப்பைக்குள் போடக்கூட இல்லாமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். உட்காரமாட்டேன் என்றுவிட்டார். கார்த்திகை முழுக்க, அதற்கப்புறமும், பக்கத்து சீட்டு காலிதான், யார் கண்டது எத்தனை காலத்துக்கோ. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவர் வெளியே நின்று பார்க்கப்போகிறார். கம்பி வேலிக்கு அந்தப்பக்கம், தொப்பி வைத்துக்கொண்டு, பையன்களுக்கு நடுவில். அவர் எங்கே நிற்பார், அந்த வளைவில்தான் நிற்பார், எங்கே கார் நழுவும் என்று அவருக்குத் தெரியாததா. ஹாரூன், இடதுபக்கம் என்றாள். எது மேடம் என்றான் அவன், கேட்டது சரிதானா என்று. மெத்தென்றிருப்பது, நாலும், சீக்கிரம் என்றாள். ஹாரூன் தன் ஆளை விலக்கிவிட்டு சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே குனிந்தான். முதல் டயரை ரிம்மில் ஏற்றிக் காற்று விட்டபோது ரப்பர் விளிம்பு டப்பென்று போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் நாலு தடவை கேட்டது, ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பல்லுக்குள் இனித்தது. நடுத்திட்டில் முட்டி ஒரு பக்கம் வீங்கிப்போயிருந்த பழைய பின்டயரை என்ன செய்வது என்று கேட்டான். தூக்கிப் போட்டுவிடு என்றாள். புது ரப்பர்மேல் அச்சிலிருந்து வந்த மெழுகுப் பூச்சு இருக்கும், கொஞ்ச தூரம் பதமாக ஓட்டித் தேய்த்துவிட்டுத்தான் அழுத்தவேண்டும், நாளைக்கு அவிநாசிவரைக்கும் போய்வாருங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வேலை செய்தான். அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் சொல்லட்டும் என்று இருந்தது. லிஃப்ட் இறங்கியது. கார் தரையைத் தொட்டது. பார்சல் வண்டி வந்து வலது அடுக்கை ஏற்றிக்கொண்டு போயிற்று. அது போன திசையைக்கூட அவள் பார்க்கவில்லை.

கடை வாசலைத் தாண்டி முன்சக்கரம் ரோட்டில் இறங்கியதும் கண்ணாடியில் முதல் துளி விழுந்தது. பெரிய துளி, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு. ஓரங்கட்டலாம் என்றால் ஓரமெல்லாம் ஆட்டோவும் பைக்கும் நின்றன. பின்னால் மேம்பாலத்திலிருந்து வண்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. திரும்பிக் கடைக்குள் போகவும் வழியில்லை. தமயந்தி முதல் கியரிலேயே வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கை முட்டை ஏந்தினதுபோல் பிடித்து, கண்ணிமைக்காமல் உருட்டினாள். இடுப்புக்கு எல்லாம் தெரிந்தது: மெழுகு, மேலே தண்ணீர், அடியில் எண்ணெய், எதையும் பிடிக்காமல் வெறுமனே உருள்கிற நாலு புது டயர். ஸ்கூட்டரில் ரெயின்கோட் போட்ட ஒரு டீச்சர் அவளைத் தாண்டிப் போனாள். கேஸ் சிலிண்டர் ஏற்றின மூணு சக்கர வண்டி தாண்டிப் போயிற்று. அப்புறம் குடையைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டிய ஒரு பெரியவர், தாண்டும்போது உள்ளே எட்டிப் பார்த்து, பார்த்ததை நம்பாமல் இன்னொரு தடவையும் பார்த்தார். பின்னால் டவுன் பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. சிக்னலில் பஸ் பக்கத்தில் வந்து நின்றது. கண்டக்டர் படியில் குனிந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினாள். சாரல் முகத்தில் அடித்தது.

"ஏனுங்கம்மா, வண்டி ரிப்பேருங்களா? தள்ளிவுடட்டுங்களா?"

"இல்லீங்க. புது டயர் போட்டிருக்குதுங்க."

"புது டயரா? அப்பறம் போறதுதானுங்களே."

போறேங்க, போறேங்க என்று அவள் சொல்லிமுடிப்பதற்குள் பச்சை விழுந்தது. பஸ் தண்ணீரை வாரி இறைத்துவிட்டு முன்னால் போயிற்று. தமயந்தி கண்ணாடியை ஏற்றினாள், கிளட்ச்சை மயிலிறகால் தொட்டதுபோல் விட்டாள். கார் நகர்ந்தது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் சனிக்கிழமை ஒன்று முழுசாகக் கிடந்தது. அதை எப்படித் தள்ளுவது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.